ஒரு தடவை திருப்பினால் போதும்

“பதில் தெரியும்தானே உனக்கு? அப்புறம் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிற?”

இதை என்னிடம் கேட்டவள் என் அக்கா ஜோவலின். ஆனால் அந்த நேரத்தில் அவள் அக்கா இல்லை. எங்கள் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை பிரசவத்துக்குப் போயிருந்தார். சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த அக்காவை இரண்டு மாதத்துக்கு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கேள்வி சுலபமானது. இலை எதை உள்ளே இழுக்கிறது, எதை வெளியே விடுகிறது? முந்தின நாள் சாயங்காலம் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். பதில் எனக்கு நன்றாகத் தெரியும். பதிலின் முடிவில் சொல்ல வேண்டிய சொல்தான் வரவில்லை. எங்கள் பள்ளியில் எந்தப் பதிலையும் ‘மேடம்’ என்று சொல்லித்தான் முடிக்க வேண்டும். வீட்டில் அவள் எனக்கு மனாங். மணிலாவுக்கு வடக்கே எங்கள் இலோகோஸ் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். அன்று காலையில்கூட என் தலையில் பேன் பார்த்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்குக் கிளம்பினாள். நான் என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறேன் என்று நாற்பது பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், “மனாங் மேடம்!” என்று மெல்ல ராகம் இழுத்தான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அக்காவின் காது சிவந்தது. தங்கை என்று சலுகை காட்டியதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, “சொல்ற வரைக்கும் நில்லு,” என்றாள். மணி அடிக்கும்வரை நின்றேன்.

மறுநாள் காய்ச்சல் என்றேன். அதற்கு அடுத்த நாளும் காய்ச்சல் என்றேன். மூன்றாவது வாரம் அம்மா என் சீருடைப் பாவாடையைப் பிரித்துத் தலையணை உறை தைத்தாள். அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. பூண்டு உரித்துக் கட்டுவதும் அக்காவின் மகள் ஜெம்ஜெமைப் பார்த்துக்கொள்வதும்தான் இப்போது என் வேலை. மிச்சமிருந்த பள்ளி நோட்டுகளின் வெள்ளைப் பக்கங்களும் பூண்டுக் கணக்கால் நிரம்பிக்கொண்டு வருகின்றன.

தோஹாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அக்கா விண்ணப்பம் போட்டது ஜனவரியில். அவள் கூடப் படித்த ஏழு பேரில் ஐந்து பேர் ஏற்கெனவே கடல் தாண்டிவிட்டார்கள். ஜெம்ஜெமின் அப்பா பங்காசினானில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். வருடத்துக்கு ஒரு பொம்மை அனுப்புவார், அதிலும் போன வருடப் பொம்மைக்குக் கண் ஒன்றுதான் இருந்தது. அக்கா போவதா வேண்டாமா என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. மழைக்காலம் வரும் என்று எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்திருந்தது.

நேர்முகம் மடிக்கணினியில் நடந்தது. கோழிச் சத்தம் கேட்கக் கூடாது என்று அம்மா கோழிகளைக் கூடையில் பிடித்துப்போட்டு, பெர்தோ மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அக்கா மேலே வெள்ளைச் சட்டையும் கீழே வீட்டு அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் கட்டிலில் ஜெம்ஜெமை மடியில் வைத்து, சத்தம் போடாமல் இருக்க அவள் வாயில் ஒவ்வொரு பிஸ்கட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோஹாவிலிருந்து பேசிய அம்மாளின் குரல் தொண்டை கட்டியது மாதிரி இருந்தது. பாடத்திட்டம், வருகைப் பதிவு, பெற்றோர் சந்திப்பு என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார். “உங்க வகுப்புல ஒரு பிள்ளை வாயே திறக்கலைன்னா என்ன செய்வீங்க?”

அக்கா எல்லாக் கேள்விக்கும் மனப்பாடமாகப் பதில் வைத்திருந்தாள். இதற்கு மட்டும் இல்லை. பிறகு அவள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். “அப்படி ஒரு பிள்ளை எனக்கு இருந்தா. பதில் சொல்ற வரைக்கும் நிக்க வச்சேன். அவ அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கே வரலை. இப்பன்னா உக்காரச் சொல்லிடுவேன். அவளா சொல்ற வரைக்கும் காத்திருப்பேன். எத்தனை நாள் ஆனாலும் சரி.”

ஜெம்ஜெம் என் விரலைக் கடித்தாள். பிஸ்கட் தீர்ந்துவிட்டிருந்தது.

பத்து நாளில் ஒப்பந்தம் வந்தது. அம்மா கணினித் திரையைக் கடையில் துணி பார்ப்பது மாதிரி தொட்டுப் பார்த்தாள். எனக்கு மட்டும் அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உரித்த பூண்டையே மறுபடி கையில் எடுப்பேன், பெருக்கிய முற்றத்தையே மறுபடி பெருக்குவேன். அந்தக் கடைசிப் பதில்தான் வேலையை வாங்கிக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நான்கு வருடமாக என்னிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு அம்மாளிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாளே. அதை ஒருமுறை என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அப்படிச் சொன்னால், ‘மேடம்’ என்ற சொல்லால்தான் அன்று நின்றேன், உன்மேல் கோபத்தால் இல்லை என்று நானும் சொல்லிவிடுவேன். இரண்டு வருடத்துக்கு அவள் போய்விடுவாள். அதற்கு முன்னால் இது நடந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அக்காவுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. விசா வரும்வரை கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். பெட்டியை நான்கு முறை அடுக்கி நான்கு முறை பிரித்தாள். சுகாதார நிலையத்திலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் கடன் வாங்கி வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறி நிற்பாள். நான் குனிந்து முள்ளைப் பார்த்து, அவள் எடையைக் கழித்துச் சொல்வேன்.

“முப்பத்திரண்டு. ரெண்டு கிலோ அதிகம்.”

“அம்மா! திரும்பவும் என்ன வச்சீங்க?”

“ஒண்ணுமில்லையே. கொஞ்சமா லோங்கனிசா.”

“பன்னிக்கறி அந்த நாட்டுக்குள்ள விடவே மாட்டான்னு எத்தனை தடவை சொல்றது?”

“பூண்டு வாசனைதானே வரும், அவனுக்கு என்ன தெரியும்? கோழின்னு சீட்டு எழுதி ஒட்டிடு. உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே, டீச்சராச்சே.”

“என்னை ஜெயில்ல போட்டா நீங்க வந்து பாடம் எடுப்பீங்களா?”

“அங்கயும் சோறு போடுவான்ல?” என்று சொல்லிக்கொண்டே அம்மா அந்தத் தொத்திறைச்சிச் சரத்தை வெளியே எடுத்தாள். அன்று சாயங்காலம் அதையே பொரித்துச் சாப்பிட்டோம். பக்கத்து வீட்டு நேலியா வாசலில் நின்று, “எனக்கு ஒண்ணும் வேணாம் ஜோவலின், ஒரே ஒரு சென்ட் பாட்டில் போதும், பெருசா இருந்தாலும் பரவாயில்ல,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெர்தோ மாமா தன் டிரைசைக்கிளுக்கு அவசரமாகச் சவாரி வந்ததென்று பாதிச் சோற்றில் எழுந்தார். “தட்டைத் திருப்புங்க, தட்டைத் திருப்புங்க,” என்றாள் அம்மா. நாங்கள் மூன்று பேரும் எங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றினோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பினால் இருப்பவர்கள் தட்டைத் திருப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் போகிறவருக்கு வழியில் ஏதாவது ஆகிவிடும். ஜெம்ஜெமுக்கு இது பெரிய விளையாட்டு. வாத்துப் படம் போட்ட தன் பிளாஸ்டிக் தட்டை அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். குழம்பு மேசையில் சிந்தியது.

“போதும்டி! ஒரு தடவை திருப்பினா போதும். நீ சுத்துற சுத்துல உங்க மாமா தலைசுத்தி வயல்ல விழுந்துடப் போறாரு.”

“ஒரு தடவைதானா?”

“ஒரே ஒரு தடவை.”

“ஒரு தடவை திருப்பினா திரும்பி வந்துடுவாங்களா?”

“வந்துடுவாங்க,” என்றாள் அம்மா. அக்கா எழுந்துபோய் எதற்கோ தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை கொடியில் நானும் அவளும் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். அவளுடைய வெள்ளைச் சட்டையின் ஒரு கை அவள் பிடியில், மறு கை என் பிடியில் இருந்தது. “ஆடிங்,” என்றாள். தங்கை என்று அவள் என்னை அப்படிக் கூப்பிட்டே ரொம்ப நாளாகியிருந்தது. “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

நான் சட்டையை விடவில்லை.

“ஜெம்ஜெம் இருமினா உடனே மாத்திரை குடுத்துடாத. ரெண்டு நாள் பாரு. மீன்ல முள்ளு ரெண்டு தடவை பாத்துட்டுக் குடு. தூங்கும்போது காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குவா, பிடிச்சுக்கட்டும், விட்டுடு.” அவள் நிறுத்தினாள். “அவ்வளவுதான்.”

“இதெல்லாம் எனக்குத் தெரியும், மனாங்.”

“தெரியும்,” என்றாள். “உனக்கு எல்லாம் தெரியும்.” சட்டையை என் கையிலிருந்து இழுத்து மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். நான் அப்போது கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியது என் வாய் நிறைய இருந்தது. துணி தீர்ந்துபோய்விட்டது.

மறுநாள் காலை திட்டம் போட்டது அம்மா. மணிலா பஸ் பன்னிரண்டு மணிக்கு நெடுஞ்சாலைக்கு வரும். பதினொன்றரைக்கு ஜெம்ஜெமைச் சாப்பிட உட்கார்த்திவிட வேண்டும். வாசலுக்கு முதுகு காட்டி உட்காருகிற நாற்காலி. பப்பாளிக்காய் போட்ட கோழி ரசம், அது இருந்தால் அவள் தலை நிமிர மாட்டாள். பெட்டி முன்பே டிரைசைக்கிளில் ஏறியிருக்கும். பெர்தோ மாமா இன்ஜினைப் போடாமல் தெருமுனைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். அக்கா பின்னாலேயே நடந்து போய்விடுவாள். நேலியா முன்பு வெளிநாடு கிளம்பியபோது அவள் மகன் விமான நிலையத்தில் அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறிய கதை ஊருக்கே தெரியும். அப்படி ஆகக் கூடாது.

“அப்ப தட்டு?” என்றேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் அதை யோசிக்கவில்லை.

“நீ திருப்பு,” என்றாள் அம்மா.

“நான் திருப்பினா அவளுக்குப் புரிஞ்சிடும்.”

“புரியாத மாதிரி திருப்பு. முள்ளு எடுக்கற மாதிரி.”

“கோழியில ஏது முள்ளு?”

“அப்ப எலும்பு! எல்லாத்துக்கும் ஒண்ணு கேப்பா இவ. பள்ளிக்கூடத்துல மட்டும் வாய் வராது.”

அம்மா வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அக்கா குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். “விடுங்கம்மா. தட்டைத் திருப்பலைன்னா ஒண்ணும் ஆகாது. காத்து, மழை, இன்ஜின், இதுக்கெல்லாம் தட்டு தெரியுமா?” அறிவியல் டீச்சர் அப்படித்தான் பேசுவாள். வார் சரியாகிவிட்டது. அவள் நிமிரவில்லை. “மெதுவா திருப்பிடு, ஆடிங்,” என்றாள்.

பதினொன்றரைக்கு உட்கார்ந்தோம். ஜெம்ஜெம் வாத்துத் தட்டில் சோற்றைக் குழித்து அதில் ரசத்தை ஊற்றச் சொன்னாள். நான் ஊற்றினேன். எனக்கும் ஒரு தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். வெளியே டிரைசைக்கிளின் சக்கரம் சரளைக்கல்லில் நெரிபடும் சத்தம் கேட்டது. அம்மா வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள். அதே வெள்ளைச் சட்டை. தோளில் பை, கையில் செருப்பு. ஜெம்ஜெமின் பின்னால் நாலடி தள்ளி, வாசலில் வந்து நின்றாள்.

இப்போது நான் தட்டைத் திருப்ப வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மகளை இல்லை. போகவில்லை. நேரமாகிக்கொண்டிருந்தது, அவள் நின்றுகொண்டிருந்தாள். நான்கு வருடத்துக்கு முன் நின்றவள் நான், இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன், நிற்பவள் அவள். காத்திருக்கிறாள் என்று புரிந்தது. அன்று வராத சொல் இப்போது நாக்கில் முழுதாக வந்து நின்றது. மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும். ஆனால் வாய் திறந்தால் குழந்தை திரும்பிப் பார்த்துவிடும். தட்டின் விளிம்பில் என் விரல்கள் இருந்தன. அவையும் அசையவில்லை.

ஜெம்ஜெம் கரண்டியைக் கீழே வைத்தாள். தலை நிமிரவில்லை, திரும்பவில்லை. இரண்டு கையாலும் வாத்துத் தட்டைப் பிடித்து, ரசம் சிந்தாமல், மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரே ஒரு தடவை. பிறகு நாற்காலியில் முட்டிபோட்டு எழுந்து, மேசைமேல் எட்டி, என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு என் தட்டையும் திருப்பினாள். உட்கார்ந்து மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். அவள் காதுகள் சிவந்திருந்தன.

வாசலில் அக்காவின் வாய் லேசாகத் திறந்தது. பையைத் தோளில் ஏற்றிப்போட்டுக்கொண்டாள். இனி சத்தம் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. ஆனாலும் அவள் செருப்பைக் கீழே போடவில்லை. அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, சுடுகிற சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடந்து போனாள்.