தண்ணீர் பழகும்வரை

நாத்தனார் வந்து இறங்கியபோது அவள் ஒரு கையில் துணிப்பெட்டி இருந்தது, இன்னொரு கையில் மூடி போட்ட பெயிண்ட் வாளி. வாளியைத்தான் முதலில் நீட்டினாள். "பத்திரம், ஆட்டாம பிடி" என்றாள். உள்ளே உள்ளங்கை நீளத்துக்கு மூன்று தங்கமீன்கள், ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

வாளியை வாங்கிக்கொண்டவளுக்கு ஒரு லேபிள் அச்சகத்தில் வேலை. அச்சாகி வரும் தாளை மாதிரித் தாளோடு ஒப்பிட்டு, நிறம் சரியா, ஒரு மாற்றுக் குறைகிறதா என்று பார்த்துச் சொல்வது. அதனால் அச்சகத்தில் அவளுக்குக் கலரம்மா என்று பெயர் விழுந்து, அது வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. புருஷன் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். இரண்டு அறை, ஒரு சமையலறை, மூன்றாவது மாடி. அதற்குள் இப்போது மூத்த நாத்தனாரும் மூன்று மீன்களும்.

"அவரோட ஒத்துவரலை" என்று மட்டும் சொன்னாள் நாத்தனார். பழைய தொட்டி என்னவாயிற்று என்று கேட்டதற்கு, "வண்டியில ஏத்துறப்போ உடைஞ்சிடுச்சு" என்றாள். மீன்களில் ஒன்றுக்கு வால் பாதி கிழிந்திருந்தது. அதையும் வண்டிக் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள் கலரம்மா.

நாத்தனார் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தவள். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது. மறுநாளே ஒரு நீளமான கண்ணாடித் தொட்டியை இரண்டு ஆட்களைக் கொண்டு மாடியேற்றிவிட்டாள். கூடத்துச் சுவரோரம் மேசையைப் போட்டு, மட்டம் பார்த்து, ஒரு காலுக்கு அட்டை முட்டுக் கொடுத்து, மேலே தெர்மாகோல் விரித்து, அதன்மேல் தொட்டியை உட்கார வைத்தாள். கூழாங்கல்லை அரிசி களைவதுபோலக் களைந்து களைந்து கொட்டினாள். குழாய்த் தண்ணீரில் குளோரின் முறிக்கிற சொட்டுமருந்தை விட்டாள். ஃபில்டரை மாட்டினாள். எல்லாம் முடிந்து மீன்களை இறக்கிவிட்டதைக் கலரம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பெட்டியோடு வந்தவர் பெட்டியோடு போய்விடலாம். இவ்வளவு பெரிய தொட்டியை வைப்பவர் எங்கே போவார்?

"இப்பதான் ஆரம்பமே" என்றாள் நாத்தனார். "தொட்டி புதுசு, ஃபில்டர் புதுசு. மீனோட கழிவு தண்ணிக்குள்ளயே விஷமா மாறும். அதைத் தின்னு தீர்க்கிற நுண்ணுயிர் ஃபில்டர் பஞ்சுல வளரணும். அதுக்கு வாரக்கணக்காகும். அதுவரைக்கும் கொஞ்சமா தீனி, தினம் கொஞ்சம் தண்ணி மாத்தறது, தினம் டெஸ்ட். தண்ணி பழகுறவரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுதான் இருக்கணும்."

சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து டெஸ்ட் மருந்தைச் சொட்டு விட்டால் நிறம் மாறும். மஞ்சளாக நின்றால் நல்லது. பச்சை ஏற ஏற விஷம். அந்த வேலையைக் கலரம்மா தானே எடுத்துக்கொண்டாள். மஞ்சளில் பச்சை நுழையும் இடம் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? நாத்தனாரும் மீன்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தாள். கொழுத்தது தடியன். வெள்ளைப் புள்ளி போட்டது சீமாட்டி. வால் கிழிந்தது வாலறுந்தான்.

ஆனாலும் ஒரு நாள், நாத்தனார் குளிக்கப் போயிருந்த நேரம், கலரம்மா போனில் புருஷனிடம் கேட்டுவிட்டாள்: "இன்னும் எத்தனை நாளைக்குங்க? அக்காகிட்ட கேட்டாவது சொல்லுங்களேன்." திரும்பினால் நாத்தனார் துவைத்த துணியோடு கூடத்தில் நிற்கிறாள். கேட்டதா, கேட்கவில்லையா, முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

அந்த வாரமே வேறொரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்காணல் என்று நாத்தனார் கிளம்பினாள். "போயிட்டு மறுநாள் சாயங்காலம் வந்துடுவேன். தீனி மட்டும் ஒரு சிட்டிகைக்கு மேல போடாத. அதுங்க நல்லா நடிக்கும், ஏமாந்துடாத."

கலரம்மா ஏமாந்தாள். கண்ணாடியோரம் போனாலே மூன்றும் ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பெற்றவள் ஊருக்குப் போன வீட்டுப் பிள்ளைகள்போல இருந்தது. இன்னொரு சிட்டிகை போட்டாள். சாயங்காலம் இன்னொன்று. மறுநாள் சாயங்காலம் நாத்தனார் வரவில்லை. போன் போட்டால் அணைத்துவைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அதற்கடுத்த காலையில் எழுந்து பார்த்தால், தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல வெளுத்துக் கிடந்தது.

மீன்கள் மூன்றும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி மூச்சு வாங்கின. செவுள் ஓரம் இரத்தமாகச் சிவந்திருந்தது. குழாயில் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டாள். அப்படியொரு பச்சையை அவள் எந்தத் தாளிலும் அனுமதித்திருக்க மாட்டாள்.

அச்சகத்துக்கு லீவு சொன்னாள். குளோரின் போக ஆற வைத்திருந்த வாளித் தண்ணீரை ஊற்றி, பழையதைக் கொஞ்சம் இறைத்தாள். போதவில்லை. குளோரின் முறிக்கிற சொட்டுமருந்துப் புட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள், காலி. நாத்தனாருக்குப் போன் போட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. புருஷனுக்குப் போட்டாள். வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நான் கேட்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. நேர்காணலாவது ஒன்றாவது, பாரமாக இருக்க வேண்டாம் என்று புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். மீனைக்கூட விட்டுவிட்டு. இல்லையென்றால் ஏன் போனை அணைக்க வேண்டும்? வழியில் ஏதாவது ஆகியிருந்தால்? அதை நினைக்கவே பயந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வளர்ப்பு மீன் விற்கும் கடைக்கு ஓடினாள்.

அவள் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். "தீனியைக் கொட்டிட்டீங்களாம்மா? இன்னைக்கு முழுக்கப் பட்டினி போடுங்க. பாதித் தண்ணியை மாத்துங்க." சொட்டுமருந்து ஒரு புட்டி கொடுத்தார். பிறகு, ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய தொட்டியின் ஃபில்டரைக் கழற்றி, அதிலிருந்த கறுத்த பஞ்சு ஒன்றைத் தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டினார். சாக்கடை நாற்றம் அடித்தது. "கழுவிடாதீங்க. இந்த அழுக்குலதான் நுண்ணுயிர் இருக்கு. அப்படியே உங்க ஃபில்டர்ல வைங்க. சீக்கிரம் போங்க, காயவிட்டா செத்துப்போயிடும்."

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். மூன்றாவது மாடி திரும்பியதும் கால் நின்றுபோயிற்று.

அவள் வீட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு நாத்தனார் புருஷன் நின்றிருந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு பழப்பை. கல்யாண வீடுகளில் பார்த்த அதே சிரிப்பு.

"வாம்மா தங்கச்சி. பெல் அடிச்சு அடிச்சுக் கை வலிச்சுப்போச்சு. உங்க அக்கா உள்ளதானே இருக்கா?"

அப்படியானால் நாத்தனார் அங்கே போகவில்லை. ஒரு கணம் மனசு இலேசானது. அடுத்த கணம் முன்னைவிடக் கனத்தது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் எங்கே?

"இல்லைங்கண்ணே. வெளியூர் போயிருக்காங்க."

"எந்த ஊரு?"

"தெரியலைங்கண்ணே."

"தெரியாதா?" சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிற்று. "ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். புதுசா தொட்டியெல்லாம் வெச்சாச்சு போல. அப்ப இங்கயே குடித்தனம்னு முடிவு பண்ணிட்டா. என்னம்மா பெரிய தப்பு பண்ணிட்டேன்? ஒரு கண்ணாடி. கோவத்துல கை நீண்டுடுச்சு, உடைஞ்சுது. ஆளையா உடைச்சேன்? அதுக்குப்போய், தரையில துள்ளுன மீனையெல்லாம் பொறுக்கி வாளியில போட்டுக்கிட்டு, ஊரு பார்க்க இறங்கி நடந்துட்டா."

கலரம்மாவின் கையிலிருந்த பை கனத்தது. வண்டியில் உடைந்த தொட்டி. வண்டியில் கிழிந்த வால். கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே மண்டியிட்டு, ஒவ்வொரு மீனாக அள்ளிய நாத்தனாரை அவள் கண் பார்த்தது. அந்தக் கைகளில் வெட்டு இருந்ததா? தான் பார்க்கவே இல்லையே. எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்டோமே.

"கதவைத் தொறம்மா. உள்ள உக்காந்து பேசுவோம். அவ வர்றவரைக்கும் இருக்கேன்."

சாவி அவள் கைக்குள் இருந்தது. உள்ளே மீன்கள் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. பைக்குள் பஞ்சு செத்துக்கொண்டிருக்கிறது. திறந்தால் இவர் உள்ளே வந்துவிடுவார். வந்தவரை வெளியே தள்ள அவளால் ஆகாது.

"சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குங்கண்ணே" என்றாள்.

"அப்ப உன் கையில மினுங்குறது என்ன?"

ஒரு அடி பின்னால் வைத்தாள். முதுகு எதிர்வீட்டுக் கதவில் இடித்தது. அங்கே ஒரு தையல்காரம்மா குடியிருந்தார். உடம்பும் பெரிசு, தொண்டையும் பெரிசு. துணிக்கேற்ற நூல் நிறம் பார்த்துச் சொல்லக் கலரம்மாவைக் கூப்பிடுவார். திரும்பாமலே உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். பிறகு குத்தினாள்.

தையல் மெஷின் ஓசை நின்றது. கழுத்தில் அளவு நாடாவும் கையில் கத்தரியுமாகத் தையல்காரம்மா வந்து நின்றார். பின்னால், பாதி தைத்த ரவிக்கையை அளவு பார்க்க வந்த இரண்டு பெண்கள்.

"என்ன கலரம்மா, மூஞ்சி வெளிறிக் கிடக்கு? யாரு இவரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரர். அக்கா இல்லைன்னு சொல்லிட்டேன், போக மாட்டேங்கிறார். உள்ள வரணும்ங்கிறார். வீட்டுல நான் மட்டும்தான்." ஒரே மூச்சில் கொட்டினாள். அவ்வளவு பேரும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

தையல்காரம்மா அவரை மேலிருந்து கீழாக, துணி அளக்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். "அதான் இல்லைன்னு சொல்லியாச்சே ஐயா. அப்புறம் என்ன நிக்கிறீங்க?"

"இது குடும்ப விஷயம்மா."

"குடும்பம் வீட்டுக்குள்ள. இது எல்லாரும் ஏறி இறங்குற படி. எறங்குங்க."

நாத்தனார் புருஷன் அந்தப் பெண்களைப் பார்த்தார். மேல்மாடியிலும் ஒரு கதவு திறந்தது. பழப்பையைத் தரையில் வைத்துவிட்டு, "திரும்ப வருவேன், சொல்லிவை" என்று கலரம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். கடைசிப் படி ஓசை தேய்கிறவரை தையல்காரம்மா வாசலிலேயே நின்றார்.

கதவைத் திறந்து ஓடினாள். சீமாட்டி மல்லாந்து, ஃபில்டர் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. தடியன் மூலையில் சாய்ந்து கிடந்தது. பஞ்சை ஃபில்டருக்குள் திணித்தாள். தையல்காரம்மா தொட்டியிலிருந்து இறைக்க, இவள் மருந்து விட்ட தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினாள். செத்த மீனை எடுத்துத் தாளில் சுற்றியபோதுதான் அழுகை வந்தது. மீனுக்காகவா, தனக்காகவா, போன் எடுக்காத நாத்தனாருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

வெயில் தாழ்ந்தபிறகு பெல் அடித்தது. கலரம்மா கதவில் காதை வைத்து, "யாரு?" என்றாள்.

"நான்தான்டி, தொற."

கசங்கிய புடவையும் தூங்காத கண்ணுமாக நாத்தனார் நின்றாள். "பஸ் ஸ்டாண்டு கழிவறையில போன் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. ஒரு நம்பரும் மனப்பாடம் இல்ல. கடைசி பஸ்ஸும் போயிடுச்சு. வேலை கிடைச்சிருக்குடி, குவார்ட்டர்ஸோட..." சொல்லிக்கொண்டே வந்தவள் தொட்டியைப் பார்த்தாள். இரண்டு மீன்கள். "சீமாட்டி எங்கடி?" என்றாள்.

கலரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அதிகமாகப் போட்ட தீனியை, பச்சையை, படியில் நின்றவரை. அவர் பெயரை எடுத்ததும் நாத்தனார் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தம்பிகிட்ட சொல்லாத. அவன் கோவக்காரன். போய்க் கை வெச்சுடுவான். அதுக்குத்தான் வண்டியில உடைஞ்சுதுன்னு சொன்னேன்."

"சொல்லத்தான் போறேன்க்கா. கை வைக்க வேண்டாம்னும் சேர்த்துச் சொல்றேன். இன்னொரு தடவை அந்தாள் வந்தா நான் மட்டும் என்ன பண்ணுவேன்?" பிறகு தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் அன்னைக்குப் போன்ல கேட்டது..."

"கேட்டுச்சு" என்றாள் நாத்தனார். "உன் வீடு. நீ கேக்காம யாரு கேப்பா? ஆனா ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

கலரம்மா நாத்தனாரின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு, இன்னும் இளஞ்சிவப்பு மாறாமல் இருந்தது.

அன்றிரவு போனில் எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். "கதவைத் தாழ் போட்டுக்கிட்டு இருங்க. வண்டியை டிப்போவில விட்டதும் வர்றேன்" என்றான். மறுநாள் அவனும் கலரம்மாவும் நாத்தனாரும், சாட்சிக்குத் தையல்காரம்மாவுமாகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் முதலில் சமாதானமாகப் போகச் சொல்லிப் பார்த்தார். தையல்காரம்மாவின் தொண்டையைக் கேட்டதும் புகாரை வாங்கிக்கொண்டார். அந்த மனிதரைக் கூப்பிட்டு எச்சரித்ததாகப் பிறகு தகவல் வந்தது. அதன்பின் அவர் படியேறவில்லை. தெருமுனையில் ஒருமுறை பார்த்ததாகப் பால்காரர் சொன்னார். அது அவர்தானா என்று தெரியாது.

தடியன் இரண்டு நாள் தீனியைத் தொடாமல் கிடந்து பிறகு தேறியது. நாத்தனார் மாதம் பிறந்ததும் புது ஊருக்குக் கிளம்பினாள். தொட்டியை மறுபடி அசைத்தால் மீன் தாங்காது என்று இங்கேயே விட்டுவிட்டாள். பஸ்ஸில் ஏறும்போதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒரு சிட்டிகைதான்!" என்று கத்தினாள். கலரம்மா சிரித்தாள்.

வீட்டுக் கதவில் மட்டும் ஒரு மாற்றம். ஆள் பார்க்கும் கண்ணாடித் துளை ஒன்றைப் போட்டுக்கொடுத்திருந்தான் புருஷன். இப்போதெல்லாம் பெல் அடித்தால், அவனே அடித்தாலும், கலரம்மா அதில் கண்ணை வைத்து, படியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாழை நீக்குகிறாள்.