அழிக்கச் சம்மதமில்லை

எங்கள் போன் ரிப்பேர் கடை ஜாப் கார்டின் கடைசி வரி, ‘போனில் உள்ள தகவல்கள் அழியலாம், சம்மதம்’. பதினொரு வருஷமாக அதை யாரும் படித்ததே இல்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இந்த நாலு மாசமாகத்தான் சில பேர் அந்த வரியைத் தேடிப் பிடித்து, காகிதம் கிழிகிற அளவுக்குக் கோடு போட்டு அடிக்கிறார்கள்.

காரணம் ஒரு ஆப். எதிரே ஆள் பேசப் பேச, அதை எழுத்தாகத் திரையில் ஓடவிடும். பேச்செல்லாம் வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகிறது, இங்கேயே வைத்துக்கொள் என்றது அரசாங்கம். இந்தச் சின்ன நாட்டுக்காக அவ்வளவு மெனக்கெட முடியாது என்றது கம்பெனி. இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் ஸ்டோரில் தேடினால், ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று வந்தது. ஏற்கெனவே போனில் இருந்தால் ஓடும். அழித்துவிட்டாலோ, போன் செத்துப்போனாலோ, அவ்வளவுதான்.

என் அக்காவுக்கு முப்பது வயதில் ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. வாய் போகவில்லை, அது முன்னைவிட நீளம். ஆனாலும் ஆறு வருஷம் கடையின் பின்னறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, சால்டரிங் செய்தாள். வருகிறவர்கள் கத்துவார்கள், அவளுக்குப் புரியாது, அவர்கள் சிரிப்பார்கள். அந்த ஆப் வந்த பிறகுதான் முன் கவுன்ட்டருக்கு வந்தாள். போனைச் சாய்த்து நிறுத்தி, அதைப் படித்துக்கொண்டே ஊரையே வம்புக்கு இழுப்பாள். கடைக்கே அப்போதுதான் களை வந்தது.

இப்போது அந்தப் போன் சாகக் கிடந்தது. பேட்டரியை இரண்டு முறை மாற்றிவிட்டேன். போர்டே போய்க்கொண்டிருந்தது. அது தானாக அணையும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. தேவைப்படுகிறவர்கள் விண்ணப்பிக்கலாம். அதிகாரி ஒப்புதல் கொடுத்தால் அவர்களுக்கு மட்டும் ஆப்பைத் தருகிறோம் என்று கம்பெனியும் ஒத்துக்கொண்டிருந்தது. அக்கா விண்ணப்பித்தாள். கடைக்கு வருகிற மற்றவர்களுக்கும் அவளே படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். அவளுடையதையும் சேர்த்து அறுபத்து மூன்று. எல்லாருக்கும் ஒரே பதில்: ‘பரிசீலனையில் உள்ளது.’ கீழே வால் நீண்ட ஒரு கையெழுத்து. தனக்கு வந்த மூன்று கடிதங்களையும் அக்கா கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள், வருகிறவன் போகிறவனெல்லாம் பார்க்கட்டும் என்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். தண்ணீரில் விழுந்த போனை என்னிடம் நீட்டினார்.

“போர்டு வரைக்கும் தண்ணி போயிருந்தா மாத்தணும் சார். மாத்தினா உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சு அதில் ஓடி முடிந்த பிறகுதான் பதறினார். “அழிச்சிடாதீங்க! எது வேணா பண்ணுங்க, அது மட்டும் வேண்டாம்.”

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “சார், உங்க சட்டையில மை பட்டிருக்கு,” என்றேன். முதலில் திரையைப் பார்த்தார், அப்புறம்தான் சட்டையைப் பார்த்தார். சட்டையில் ஒரு மையும் இல்லை.

ஜாப் கார்டை வாங்கிக் கடைசி வரியை அடித்தார். ‘அழிக்கச் சம்மதமில்லை’ என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு அடியில் பார்த்தாள். அதே வால்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனைத் திறந்தேன். டிஸ்ப்ளேதான் போயிருந்தது, போர்டு கல்லுக்குண்டாக இருந்தது. அக்காவுடையதும் அதே மாடல். குனிந்து அவள் பக்கம் போய், “போர்டு போச்சுன்னு சொல்லிடறேன். ஆப்போட கழட்டி உன்னோடதுல மாட்டிடலாம்,” என்று கிசுகிசுத்தேன்.

புத்தி கெட்டவள் நான். அக்காவிடம் கிசுகிசுத்து என்ன பயன்? அந்தப் போன் என் திருட்டுத்தனத்தை ஒரு எழுத்து விடாமல் திரையில் கொட்டியது. அக்காவும் படித்தாள், அவரும் படித்தார்.

அக்கா போனை இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். “படிச்சிட்டீங்கல்ல? என் தங்கச்சிக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. உங்க போர்டு எனக்கு வேண்டாம் சார். எத்தனை வருஷமா உங்களுக்குக் கேக்கல?”

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. “மூணு வருஷமா. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. மீட்டிங்ல போனை மேசை மேல வச்சுப்பேன்.”

“இந்த ஆப்பைத் தடுக்கணும்னு பேசின மீட்டிங்லயும்?”

தலையாட்டினார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நீங்க மட்டும் சொகுசாப் படிச்சுக்கிட்டே, எங்க அக்காவுக்குப் பரிசீலனைன்னு மூணு தடவை எழுதினீங்களா?” என்றேன்.

“ஒண்ணுக்கு ஒப்புதல் கொடுத்தாக்கூட, இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு கேள்வி வரும்மா. அப்படியே என் பக்கம் திரும்பிடும்னு பயம்.”

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். “என் பேச்சு எங்க போகுதுன்னு கவர்ன்மென்ட் கேக்கட்டும் சார், கேக்க வேண்டியதுதான். நீங்களும் கம்பெனியும் சண்டை போட்டு முடிக்கற வரைக்கும் என்னை எதுக்குப் பின்னாடி ரூமுக்கு அனுப்பறீங்க?”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு டிஸ்ப்ளேவை மாற்றினேன். ஒன்றும் அழியவில்லை. அக்கா போனோடு ஒரு வெற்றுப் படிவத்தையும் அவரிடம் கொடுத்தாள்.

“இதுல விண்ணப்பதாரர்னு ஒரு இடம் இருக்கு. உங்க பேரைப் போடுங்க.”

“எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே.”

“எனக்குக் கேக்காதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். தெரு என்னை என்ன பண்ணிச்சு? ரிப்பேருக்குத்தான் வருது.”

படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தப் பேப்பர் குப்பைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் அக்காவின் போன் அணைந்தது. திரும்ப எழவில்லை. போர்டைக் கழுவினேன், சூடு காட்டினேன், தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ உள்ளே போ, முன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜாடை காட்டினேன்.

“இன்னொரு தடவை என்னை உள்ள போகச் சொன்னே, கடையை இழுத்து மூடிடுவேன்டி,” என்றாள்.

ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினாள்: ‘எனக்குக் காது கேளாது. எழுதுங்கள்.’ கவுன்ட்டரில் விரித்து வைத்தாள். முகம் சுளித்தவர்கள் கையில் தானே பேனாவைத் திணித்தாள். வேலை பாதியாகக் குறைந்தது. சிலர் வாசலோடு திரும்பிப் போனார்கள். அவள் இடத்தைவிட்டு அசையவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்த அதிகாரி வந்தார். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் நேரே அக்காவிடம் போய், நோட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

‘படிவத்தில் என் பெயரைப் போட்டுவிட்டேன். ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு வேறொருவர்தான் ஒப்புதல் தர வேண்டும். உங்களுக்கு நான் கொடுத்துவிட்டேன்.’

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அக்காவின் பெயர், ஒப்புதல் எண், கீழே அந்த வால். புதுப் போனை எடுக்க அலமாரிக்கு ஓடினேன். திரும்பி வந்தால், அக்கா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

‘மீதி அறுபத்திரண்டு?’

அவர் படித்தார். ‘ஒவ்வொன்றாக’ என்று எழுதினார்.

அக்கா ஒப்புதல் தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள். “அப்போ இதையும் கொண்டு போங்க. அறுபத்து மூணும் ஒண்ணா வரட்டும். அதுவரைக்கும் எனக்கு நோட்டு போதும்.”

“அக்கா!” என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள்.

அவர் அவள் சொன்னதைத் தன் போனில் படித்துவிட்டு, விரல்விட்டு நாட்களை எண்ணினார். பிறகு, ‘வெள்ளிக்கிழமை. அறுபத்து மூன்றும்’ என்று எழுதி, அதன் கீழே வால் நீளக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிக்கு அடியில், மூன்று கடிதங்களுக்கும் மேலே வைத்தாள். காத்திருந்தவர்கள் பக்கம் நோட்டைத் திருப்பினாள்.

“அடுத்தது யாரு? எழுதுங்க.”