கரையிலேயே நின்ற படகு

ஐஸ் கிடங்கின் மூலையில் ஆறு பெட்டிகளும் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தன. படகு எங்கே நிற்கிறது என்று ரோந்து நிலையத்துக்குச் சொல்லும் பெட்டிகள். கோடைத் தடைக்காலம் தொடங்கியதும் அவற்றைக் கழற்றிக் கிடங்கில் கார் பேட்டரியோடு மாட்டிவிட்டுக் கடலுக்குப் போவது தீவில் பழகிப்போன ஏற்பாடு. நிலையத்துத் திரையில் ஆறு மரப்படகுகளும் துறைக்குள்ளேயே கட்டிக்கிடக்கும். விதி மீறாத ஊர் என்று மாவட்டத்திலிருந்து பாராட்டுப் பலகை கொடுத்தார்கள். மீனவர் குழுத் தலைவன் யொங்ஃபா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வெட்கப்படவில்லை. இரும்புக் கப்பல்காரர்களுக்குத் தனி அனுமதி எப்படியோ கிடைத்துவிடுகிறது, சட்டமெல்லாம் மரப்படகுக்குத்தான்.

இன்று மூடுபனிக்குள்ளிருந்து ஐந்து படகுகள்தான் திரும்பின. யொங்ஃபாவின் தம்பி ஆபிங் வரவில்லை. மதியம் தாண்டிவிட்டது. கைப்பேசியிலும் கிடைக்கவில்லை.

"நிலையத்துக்குச் சொல்லுங்க அத்தான்," என்றாள் ஆபிங்கின் மனைவி மெய்தி.

"என்னன்னு சொல்றது?" மொட்டை குய் குறுக்கே விழுந்தான். அவனுடையதும் ஆறில் ஒரு படகு. "பெட்டி கிடங்குல, ஆளு கடல்லன்னா? ஆறு பேரு லைசென்சும் போயிடும். படகை அறுத்து விறகாக்கிடுவானுங்க. பொறும்மா, எங்கயாவது நங்கூரத்தப் போட்டுட்டுக் குடிச்சிட்டுக் கிடப்பான் உன் புருஷன்."

"உன் தம்பின்னா பொறுப்பியாடா மொட்டை?" என்றான் யொங்ஃபா.

யொங்ஃபா நிலையத்துக்குப் போன் செய்தான். தம்பி படகு வரவில்லை என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"துறையிலதானேய்யா நிக்குது? பகல்லயே தண்ணி போட்டாச்சா?"

யாரோ சிரித்தார்கள். யொங்ஃபா, "சரிங்க," என்றான். சொன்ன பிறகுதான் வாய் கசந்தது.

பிறகு கிடங்குக்குள் போய்த் தம்பியின் பெட்டியிலிருந்து மட்டும் கம்பியைப் பிடுங்கினான். சிக்னல் செத்தால் தேடி வருவார்கள். யாரும் மாட்டவும் மாட்டார்கள். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மீட்புப் படகு சீக்கிரமே வந்தது. துறையை விட்டு வெளியே போகவில்லை. உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"கடைசியா இங்கதான் காட்டிச்சு. எந்த இடத்துல கட்டியிருந்தான்?" என்று அதிகாரி கேட்டார்.

குய் உட்பட மற்ற படகுக்காரர்கள் எல்லாரும் யொங்ஃபாவின் முகத்தையே பார்த்தார்கள். அவன் கை தானாக உயர்ந்து, ஆபிங் வழக்கமாகப் படகு கட்டும் கல்தூணைக் காட்டியது. கறுப்பு உடை போட்ட ஒருவன் அங்கே தண்ணீருக்குள் இறங்கினான்.

பின்னால் ஏதோ கல்லில் உரசும் சத்தம். மெய்தி மீன் கூடை ஒன்றைத் தரையோடு தரையாக இழுத்து வந்தாள். அதற்குள் பேட்டரியும், மினுங்கிக்கொண்டே ஐந்து பெட்டிகளும். குய் அவளை மறிக்கப் போனான். இருவருக்கும் நடுவில் யொங்ஃபா நின்றான்.

"நீங்க சொல்றீங்களா அத்தான், நான் சொல்லவா?"

கல்தூணுக்கு அடியில், படகே இல்லாத தண்ணீரில், முக்குளித்தவனின் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன.