கண்ணாடித் தகட்டில் ஒரு முகில்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது செல்பேசியில் வந்த ஒரு படத்திலிருந்து. பக்கத்து விண்மீன் மண்டலத்தில் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் ஒரு முகில். இதை 1943இல், ஜப்பானியர் பிடியில் இருந்த எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர் படம் பிடித்திருந்தால்? நண்பரிடம் கேட்டேன். "ஜப்பான்காரன் காலத்துல சனங்க மரவள்ளிக்கிழங்குக்கு அலைஞ்சாங்க. எவன் வானத்தப் பாத்தான்?" என்றார். நியாயம்தான். ஆனாலும் விமானக் குண்டுக்குப் பயந்து ஊரே விளக்கணைத்த அந்த இருட்டடிப்பில் ஒருவராவது அண்ணாந்து பார்த்திருக்க மாட்டாரா?

2

முதல் தொடக்கம்: "போட்டோக் கடை நாகையா தொலைநோக்கியைத் தெற்கே திருப்பியபோது..." (வேண்டாம். என் மனம் அவர் மனைவி நல்லம்மாளிடம்தான் நிற்கிறது. பிலிமுக்குப் பதில் அப்போதிருந்த கண்ணாடித் தகட்டை இருட்டறையில் கழுவுகிறவள் அவள்தான்.)

இரண்டாம் வரைவில் சோதனைக்கு வந்த ராணுவப் போலீஸ் தொலைநோக்கியைக் கண்டுபிடித்துவிட்டது. தொலைநோக்கி வைத்திருப்பவன் ஒற்றன். ஒற்றன் வீடு திரும்புவதில்லை. அதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. மூன்றாம் வரைவில் நல்லம்மாள் முந்திக்கொண்டு தொலைநோக்கியைக் கிணற்றில் இறக்கிவிட்டாள். படம் எடுத்த கண்ணாடித் தகடு மட்டும் சிக்கியது. இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

3

நெகடிவில் நட்சத்திரம் கறுப்பாகத்தான் விழும். தகடு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், நடுவே ஒரு திட்டு. அதிகாரி ஏதோ அதட்ட, மொழிபெயர்ப்பாளர் பக்கிரிசாமி நாகையாவிடம் திரும்பினார்.

"போர்ட் சுவெட்டன்ஹாம்ல எங்கெங்க கப்பல் நிக்குதுன்னு குறிச்சு வச்சிருக்கியான்னு கேக்குறாரு. ஒழுங்கா சொல்லுலா."

நாகையா வாயைத் திறந்தார். நல்லம்மாளுக்குத் தெரியும், இந்த மனிதர் உள்ளதைச் சொல்லிவிடுவார். அடுத்த கேள்வி, எதை வைத்து எடுத்தாய் என்பது.

"பூஞ்சணம் அண்ணே," என்றாள். "இந்த ஈரத்துல தகடெல்லாம் இப்படித்தான் கெட்டுப்போவுது. தூக்கிப் போடுங்கன்னேன், இவருதான் கேக்கல."

"அப்படியா?" என்று பக்கிரிசாமி நாகையாவைப் பார்த்தார்.

(இங்கே இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். பதினோரு இரவு மேகம் விலகக் காத்திருந்து எடுத்த படம். பொய் சொல்லத் தெரியாதவராக அவரைப் படைத்தது என் தப்பு.)

"ஆமா," என்றார் நாகையா. "பூஞ்சணம்."

பக்கிரிசாமி மொழிபெயர்த்துச் சொன்னதும் அதிகாரி தகட்டைக் குப்பையில் எறிந்துவிட்டு இருவரையும் போகச் சொன்னார். நான் மூச்சு விட்டேன்.

4

வீட்டுக்கு நடக்கும் வழியில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டினார்கள். "அதப் போயி பூஞ்சணம்னுட்டியே," என்றார் நாகையா.

நல்லம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "கோவிச்சுக்குங்க. நல்லா கோவிச்சுக்குங்க. கோவிச்சுக்க நீங்க இருக்கீங்களே."

அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். சமாதானமாகும் காட்சி ஒன்றை எழுதி, அடித்துவிட்டேன். எப்போது பேசுவார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஒரு மாதம் பேசாவிட்டாலும் நல்லம்மாளுக்குச் சம்மதம்.