சத்தம் குறைக்கும் குழாய்

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் பட்டுச் சால்வைக்கு அடியில் றமணன் கையை நுழைத்தான். குருக்கள் கும்பத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வந்த சனம் மண்டப வாசலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தன் கைலேஞ்சித் துணியில் சுற்றிய கறுப்புக் குழாயை அப்பாவின் இடுப்போரம் தள்ளிவிட்டு, ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி விலகி நின்றான்.

அப்பா யோகலிங்கத்தாரிடம் துவக்கு இருந்தது. லைசென்ஸ் உள்ள துவக்குத்தான். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அங்கே கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் துவக்குச் சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போக, அட்டையில் குறி பார்த்துச் சுடுவதில் மனிதர் சொக்கிப்போனார். றமணனுக்கு அது வெளியே சொல்ல முடியாத வெட்கம். அகதியாக வந்தவர் வீட்டில் துவக்கு என்றால் ரெய்னர்ஸ் லேன் பக்கத்துத் தமிழ்ச் சனம் சும்மா விடுமா?

அப்பா கண்ணை மூடிய அன்று இரும்பு அலுமாரியைத் திறந்தவன், துவக்குக்குப் பக்கத்தில் இந்தக் குழாயைக் கண்டு திடுக்கிட்டான். சுடும் சத்தத்தை அடக்கும் சாமான். படங்களில் கூலிக்குக் கொல்லுகிறவன்தான் இதைப் பூட்டுவான். போனில் தேடினால் அதற்குள் ஆளாளுக்கு நீதவான்கள். ஒருவர் குற்றம் என்றார், ஒருவர் லைசென்ஸே தேவையில்லை என்றார், இன்னொருவர் சட்டம் மாறப்போகிறது, பொறுங்கள் என்றார். மண்டை குழம்பி, குழாயை ஒளித்துவிட்டே பொலிசுக்கு அறிவித்தான். துவக்கை எடுக்க வந்த பெண் அதிகாரி லைசென்ஸைப் பார்த்துவிட்டு, அதில் பதிந்திருக்கும் குழாய் எங்கே என்று கேட்டார். "தெரியாது" என்று வாய் முந்திக்கொண்டது. அதன் பிறகு உண்மையைச் சொல்ல அவனுக்கு முகமில்லை. அப்பாவோடேயே போகட்டும் என்று நினைத்தான்.

வாய்க்கரிசி போடும்போது அம்மா கமலாம்பிகை சரிந்திருந்த சால்வையை நேராக்கினாள். கையில் ஏதோ கடினமாய்த் தட்டுப்பட்டது. அரிசி ஒட்டிய கையாலேயே இழுத்தாள். கைலேஞ்சி அவிழ்ந்து, குழாய் எல்லோர் முன்னும் வெளியே வந்தது.

கைலேஞ்சியை அவளுக்குத் தெரியும். காலையில் அவள்தான் மகனுக்கு மடித்துக் கொடுத்தாள்.

"ஏன் இதை இதுக்குள்ள வச்சனி?"

"களவாய் வச்சிருந்தவரோ எண்டு முதல்ல பயந்திட்டன், அம்மா."

"என்ன சாமான் உது?" என்று சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"சத்தம் குறைக்கிற குழாய்," என்றாள் அம்மா. "வெடிச் சத்தம் கேட்டா இவருக்குக் கை நடுங்கும். ஊரில சண்டையில கேட்டது போதாதே? அதுதான் பொலிசிட்ட முறையாக் கேட்டு, பதிஞ்சு வாங்கினவர்." பிறகு மகனைப் பார்த்தாள். "நேற்றும் அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை போன் எடுத்தவ. என்ர மகன் பத்திரமா வச்சிருப்பான் எண்டு சொன்னனான்."

றமணனுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது "ஏனப்பா?" என்று அவன் கேட்டதில்லை.

"வெளியில போய் அந்தப் பொலிஸ்காரப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிப்போட்டு வா," என்று அம்மா குழாயை நீட்டினாள். "அதுக்குப் பிறகு பெட்டியை மூடுவம்."

கார்த் தரிப்பிடத்தில் வேட்டியோடு நின்று நம்பரை அழுத்தினான். மணி போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்த குழாய் சரிய, அதன் வாயிலிருந்து இரண்டு மூன்று அரிசி உள்ளங்கையில் விழுந்தது.

"ஹலோ?" என்றது பெண் குரல். "ஹலோ?"

றமணன் அரிசியோடு கையைப் பொத்திக்கொண்டு, "அந்தக் குழாய் என்னிடம்தான் இருக்கிறது," என்றான்.