சொல்லிவிட்டு பிளாக் செய்தவர்

நாகலாபுரம் வேதநாராயண சுவாமி அறிய, இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. யாரும் நம்பமாட்டார்களே என்று இரண்டொரு இடத்தில் குறைத்துச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நகரி நாகபூஷணம், பவர்லூம் கொட்டகையை ஒட்டிய அறையில், கம்ப்யூட்டர்மேல் போர்த்தியிருந்த லுங்கித் துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நாலு தறியும் ஓடியதில் மேசையோடு சேர்ந்து திரையும் நடுங்கியது. அந்த வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஈமெயில். ரேஷன் கார்டு ஒன்று, கேஸ் கனெக்‌ஷன் ஒன்று, ஈமெயில் மட்டும் எதற்கு இரண்டு என்பது அவர் கட்சி. டிப்ளமோ முடித்த மகள் பிரித்திகா, ரேணிகுண்டாவில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டபோதும் அதைத்தான் கொடுத்திருந்தாள். அன்று காலை கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "மெயிலு வெனக்கி வச்சேஸ்துந்தி அம்மா, மீ பாக்ஸ் ஃபுல்லு" என்று தெலுங்கில் சொன்னாள். வேலைக்கான கடிதம் உள்ளே நுழைய இடமில்லாமல் திரும்பிப் போகிறது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

"வேண்டாதவங்க அனுப்புனதெல்லாம் அழிச்சிடணும் நைனா. மறுபடி வராம அவங்கள பிளாக் பண்ணிடணும். ஓரத்துல மூணு புள்ளி இருக்குதில்ல, அத அமுக்குனா போதும். நானே பண்ணிடட்டுமா?" என்று அப்பாவைக் கேட்டாள் பிரித்திகா.

"பெட்டி எம்பேர்ல இருக்குது. நீ போ, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ஆனால் நாகபூஷணத்தின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரோடாவது கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதென்றால், வெற்றிலை பாக்கோடு அவர் வீட்டுக்கே போய், எதிரே உட்கார்ந்து, "இத்தோட நமக்குள்ள போதும்" என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் எழுந்து வருவார்கள். நூல் வியாபாரியை அப்படித்தான் நிறுத்தினார். சாயக்காரரையும் அப்படித்தான். முகத்துக்கு நேரே சொல்லாமல், மூணு புள்ளியை அமுக்கி ஒரு மனிதனை வாசலிலேயே நிற்க வைப்பது அவருக்குத் திருட்டுத்தனமாகப் பட்டது. ஈமெயிலில் வெற்றிலை வைக்க வழியில்லை. ஆகவே கடிதம் எழுதினார்.

'ஐயா, இத்தனை நாள் மறக்காமல் எழுதினீர்கள். இனி நமக்குள் வேண்டாம். தங்கள் சம்மதம் தெரிந்ததும் பிளாக் செய்கிறேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.'

ஒற்றை விரலால் தட்டி ஒரு கடிதம் முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. வேண்டாதவர்கள் மொத்தம் நூற்றுப் பதினாலு பேர்.

புதன்கிழமை மத்தியானம் அவர் மனைவி கன்னியம்மாள் சோற்றுத் தட்டை விசைப்பலகை பக்கத்தில் ணங்கென்று வைத்தாள்.

"யாருக்கு இது?"

"முடி வளர்ற எண்ணெ விக்கிறவங்களுக்கு."

அவள் அவருடைய வழுக்கைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எண்ணெக்காரனுக்கு இம்மாம் மரியாதி. என் தம்பிய மட்டும் வாசலோட அனுப்புனியே."

"அவங்கிட்ட சொல்லிட்டுத்தான அனுப்புனேன்."

நிரம்பிய பெட்டியிலும் எப்படியோ இடம் பிடித்துக்கொண்டு பதில்கள் வியாழக்கிழமை வந்தன. குளிர்நாட்டுக் கோட்டு விற்கும் கம்பெனி, நகரியில் வெயில் எத்தனை டிகிரி என்று கேட்டது. நாற்பத்து மூணு என்று எழுதினார். இத்தனை வருஷம் கோட்டு வாங்கச் சொல்லித் தொந்தரவு செய்ததற்கு அந்த நாட்டு வழக்கப்படி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பதாக மறுகடிதம் வந்தது. உல்லாசக் கப்பல்காரர்கள், அவர் மனம் மாறி வரக்கூடும் என்று துறைமுகத்தில் ஒரு மணி நேரம் கப்பலை நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். கடிதம் தமிழில் இருக்கிறதே என்று ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஆனால் சம்மதம் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. சம்மதம் இல்லாமல் அவரும் யாரையும் பிளாக் செய்யவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிரித்திகா வந்து பின்னால் நின்றாள்.

"நைனா, அவங்க மனுசங்களே இல்ல. மிஷினு தானா அனுப்பிக்கினு இருக்குது."

"ஆயுத பூஜைக்கு மிஷினுக்குத்தான பொட்டு வெக்கறோம்?"

"அந்த வேல போனா எனக்கு மறுபடி கெடைக்காது." அவள் குரல் உயரவில்லை. அதனால் அவருக்கு உறைத்தது. மூணு புள்ளிமேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தார். விரல் அமுங்கவில்லை. அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்து, அதே பெட்டி திறக்கும் தன் போனை எடுத்தாள்.

அப்போதுதான் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஸ்வர்ணலதா என்கிற பெண் எழுதினாள். 'ஐயா, எட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். சொல்லிவிட்டு வெட்டுகிற முதல் ஆள் நீங்கள்தான். எனக்குச் சம்மதம். மற்ற நூற்றுப் பதின்மூன்று பேரிடமும் நான் பேசிக்கொள்கிறேன். நாலு மணிக்குப் பெட்டியைப் பாருங்கள்.'

மூன்றரைக்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். திரையில் ஒவ்வொரு வரியாகக் காணாமல் போயிற்று. திருமலை தரிசன வரிசையில்கூட அப்படி ஒரு ஒழுங்கைப் பார்க்க முடியாது. கோட்டுக்காரர் எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியாகப் போனார். மாடிப்படியில் பிரித்திகா தலை நிமிரவில்லை. கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பத்துக்குக் காலிப் பெட்டியில் ஒரே ஒரு கடிதம் வந்து விழுந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேர வேண்டும்.

கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு சொர்ணலதாவுக்கு நம்ம தறியில நெய்ஞ்ச சீலை ஒண்ணு அனுப்பணும், அட்ரஸ் கேளு" என்றாள்.

"அவங்க வாங்கமாட்டாங்கம்மா" என்றாள் பிரித்திகா.

திங்கட்கிழமை விடிகாலை, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் ரேணிகுண்டா பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். பஸ் திரும்பும் வரை நாகபூஷணம் கையை ஆட்டாமல் தூக்கியே பிடித்திருந்தார்.

பெட்டி நிரம்பிவிட்டால் உள்ளே வருவது மட்டுமல்ல, வெளியே போவதும் நின்றுவிடும். அவர் எழுதிய நூற்றுப் பதினாலு கடிதங்களும், ஒன்றுகூட அனுப்பப்படாமல், அந்தக் கம்ப்யூட்டரிலேயே இன்னும் இருக்கின்றன.