பச்சை விளக்கு காத்திருக்கட்டும்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதுகிறவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "சார், நீங்க உள்ள போங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கப்படுகிற எழுத்தாளன் என்ன செய்வான்? தன்னைவிடத் தைரியமான ஒருத்தியைப் பற்றி எழுத உட்காருவான். உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அடிமைப்பட்ட அந்த நாட்டின் வானம் அன்று சிவந்திருந்தது. வீதியெங்கும் மக்கள் வெள்ளம்—" [வேண்டாம். வானம் எல்லா நாட்டிலும் சாயங்காலமானால் சிவக்கும்.]

இரண்டாம் தொடக்கம்: "தொலைபேசி நிலையத்தில் மூன்றாம் பலகையின் முன் அவள் உட்கார்ந்திருந்தாள்." இது தேவலை.

அந்தக் காலத்தில் யாராவது தொலைபேசியை எடுத்தால், நிலையத்துப் பலகையில் அவர் எண்ணுக்கு மேல் ஒரு குட்டி விளக்கு எரியும், கூடவே மணியும் அடிக்கும். பலகைக்காரி கம்பியைச் செருகி, "எந்த எண் வேண்டும்?" என்று கேட்டு இணைத்துவிடுவாள். மொத்தம் பன்னிரண்டு பெண்கள், முறைக்கு ஆறு பேர். அவர்களுடைய பெயர்கள் ஆள வந்தவர்களின் வாயில் நுழையாததால் பலகை எண்ணே பெயராகிவிட்டது. நம்மவள் மூணு. அவளுடைய தோழி ஏழு.

உள்ளூர்க்காரர்களுக்கு வெள்ளை விளக்கு, ஆள வந்தவர்களுக்குப் பச்சை. வெளியூருக்குப் போகும் கம்பிகள் நான்கே நான்கு. நான்கிலும் பேச்சு நடக்கும்போது பச்சை எரிந்தால், பேசிக்கொண்டிருக்கும் வெள்ளையில் ஒன்றைப் பாதியில் பிடுங்கிப் பச்சைக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் விதி.

3

[இங்கே ஒரு தகப்பன் மருத்துவரைக் கூப்பிடுகிறான், அழைப்பு பிடுங்கப்படுகிறது, குழந்தை இறந்துபோகிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் மூணுக்குக் கோபம் வருவதற்காக ஒரு குழந்தையைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. கிழித்துவிட்டேன். குழந்தையைப் பிழைக்கவைப்பதற்குப் பதில் பிறக்கவே வைத்துவிடலாம்.]

ரொட்டிக்கடைக்காரரின் மகளுக்கு வெளியூரில் பிரசவம். அவர் மருமகனின் அலுவலகத்துக்குப் பேசினார்.

"மாப்பிள்ளை, என்ன குழந்தை?"

பச்சை எரிந்தது. மூணு பிடுங்கினாள். மறுமுனை அவள் காதில் மட்டும் மிச்சமிருந்தது. "பொண்ணு, மாமா! மாமா? இருக்கீங்களா?"

அடுத்த நாளும் இதே கதை. அவர் "என்ன குழந்தை" என்பார், பச்சை எரியும்.* ஊரிலேயே அவருக்குப் பேத்தி பிறந்த சேதி தெரிந்த ஒரே ஆள் மூணு. சொல்லவும் வழியில்லை. பலகைக்காரிகள் பேச அனுமதிக்கப்பட்டவை மூன்றே வாக்கியங்கள், அவற்றில் "பொண்ணு" இல்லை.

(* தந்தி அடித்திருக்கலாமே என்பீர்கள். அவருக்கு அதைக் காதால் கேட்க வேண்டும். எனக்கும் கதை நடக்க வேண்டும்.)

மூன்றாம் நாள் பச்சை எரிந்தபோது அவள் கை கம்பி வரைக்கும் போனது. போன கை நின்றது. பச்சைக்காரரிடம், விதிப் புத்தகத்தில் இல்லாத நான்காவது வாக்கியத்தைச் சொன்னாள்.

"நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், ஐயா."

கிளப் செயலாளர் அவர். பந்தாட்ட மட்டைகள் எப்போது வரும் என்று கேட்க வேண்டியிருந்ததாம். மூன்று நிமிடம் கத்தினார். ரொட்டிக்கடைக்காரர் அந்த மூன்று நிமிடமும் அழுதார், பேத்தியின் மூக்கு யார் மூக்கு என்று விசாரித்தார், மறுபடி அழுதார். மூணுக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

4

வீட்டில் அவள் கணவர் தையல் இயந்திரத்தின் முன் இருந்தார். அவருக்குக் கண் மங்கல், ஊசியில் நூல் கோக்க அவள் வேண்டும்.

"என்னாச்சு? முகமே சரியில்லையே."

"இன்னிக்கு ஒரு துரைய நிக்க வச்சுட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம்."

"இவ்வளவுதானா? கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல என்னை மூணு வருஷம் நிக்க வச்சவதானே நீ." சிரித்துவிட்டு, இரண்டு அறையையும் ஒரு தரம் பார்த்தார். வீடு நிலையத்தினுடையது. "வேலை போனா வீடும் போயிடும், இல்ல?"

"போயிடும்."

ஊசியை எடுத்து அவளிடம் நீட்டினார். "சரி, நூலைக் கோத்துக் குடு" என்றார்.

[என் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இப்படி ஒரு புருஷன எங்க பிடிச்சீங்க?" என்றாள். நியாயமான சந்தேகம். அவரை இன்னும் கொஞ்சம் பயந்தவராக ஆக்கிப் பார்த்தேன். நூலைக் கோத்துக் குடு என்றவர்தான் பயந்தவர் என்று பட்டது, விட்டுவிட்டேன்.]

5

பிறகு வேலைநிறுத்தம். பன்னிரண்டு பெண்களும் காதுக்கருவிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தலை நிமிர்ந்து வெளியே நடந்து—

இந்த இடத்தில் என் அத்தையைக் கேட்டேன். சுதந்திரத்துக்குப் பிறகு இதே மாதிரிப் பலகையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எவடா எழுந்து போவா? விளக்கு எரியுறப்ப எழுந்திருக்க உடம்பு கேக்காது. எனக்குக் காய்ச்சல்ல கூட கை தானா போகும். நீ ஒரு நாளாவது ஆபீஸ்ல உக்காந்து வேலை பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. ஆகவே வேலைநிறுத்தம் ரத்து. என் பெண்கள் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். ஏழு முதலில் சேர்ந்தாள், பிறகு மற்றவர்கள். ஒரு வாரம் முழுக்கப் பிசகில்லாமல் வேலை பார்த்தார்கள். எந்த விளக்கு முதலில் எரிந்ததோ அதற்கு முதல் இணைப்பு. யார் பேச்சையும் பிடுங்கவில்லை, யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. பச்சைக்காரர்களுக்கு வெள்ளைக்காரர்களைப் போலவே இணைப்பு கிடைத்தது, அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.*

(* விளக்கைச் சொல்கிறேன். எந்த நாட்டில் எவர் என்ன நிறம் என்ற வழக்குக்கு என்னை இழுக்காதீர்கள்.)

6

விசாரணை. முறை முடிந்த ஆறு பேரையும் நிலையத் தலைவரான துரை தன் அறைக்கு அழைத்தார். உள்ளூர்க்காரர்கள் அந்த அறையில் உட்காரக் கூடாது. நின்றார்கள். மூணு அடுத்தவளின் விரலைப் பிடித்தாள், அவள் ஏற்கெனவே அதற்கடுத்தவளின் விரலைப் பிடித்திருப்பதைப் பார்த்து ஆறுதல்பட்டாள்.

சேவகனைக் கூப்பிடத் துரை மேசை மணியை அடித்தார்.

"எந்த எண் வேண்டும்?" என்றார்கள் ஆறு பேரும், ஒரே குரலில்.

வேண்டுமென்று செய்ததல்ல. மணி கேட்டால் வாய் அப்படித்தான் திறக்கும். முதலில் ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது, அப்புறம் ஆறு பேராலும் அடக்க முடியவில்லை. கதவருகே சேவகன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு குலுங்கினான். துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஆறு தாள்கள் மேசையில் வந்து விழுந்தன. செய்தது தவறு, இனிச் செய்ய மாட்டேன் என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். இல்லாவிட்டால் இப்போதே தலைநகருக்குச் சொல்லிப் பெயரை நீக்கிவிடுவார், மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வரிசையில் முதலில் நின்றவள் மூணு. பேனாவை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அவள் தயங்குவதைப் பார்த்ததும் துரை தொலைபேசியை எடுத்தார்.

7

[முடிவு அ: அவள் கையெழுத்திடுகிறாள். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. முடிவு ஆ: நாடு விடுதலை அடைகிறது, பேண்டு வாத்தியம். இரண்டையும் எழுதினேன். முதலாவதைப் படித்து எனக்கு அழுகை வந்தது, இரண்டாவதைப் படித்துத் தூக்கம் வந்தது.]

அறை அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த முறைக்கு உட்கார்ந்திருந்த ஏழின் குரல். நாளைக்கு அவளுக்கும் ஒரு தாள் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"எந்த எண் வேண்டும்?"

"தலைநகர். உடனே."

"நான்கு கம்பியிலும் பேசுகிறார்கள், ஐயா. நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்."

"நான் யாரென்று தெரியுமா?"

"தெரியும், ஐயா. ஐந்தாவது."

துரையின் காது சிவந்தது. கருவியை வைத்துவிடலாம். வைத்தால் மறுபடி எடுக்கும்போது வரிசையின் வாலில் சேர வேண்டும். வைக்காமல் நின்றார். ஒரு நிமிடம் போனது. மூணு பேனாவைத் தொடவில்லை. மேசையைச் சுற்றிப் போய், அவர் தள்ளிவிட்ட நாற்காலியை அவருக்குப் பின்னால் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா. நேரமாகும்."

இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. தாள் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. வீடு இருக்குமா போகுமா என்பது எனக்கே தெரியாது, அவளை நினைத்துப் பயமாகத்தான் இருக்கிறது. துரை உட்காருகிறாரா, கருவியை வீசி எறிகிறாரா, அவள் கையெழுத்திடுகிறாளா என்பதை நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள், முன்னால் இருக்கிற நான்கு பேரும் பேசி முடிக்கட்டும்.